படித்துவிட்டுத் திருப்பூருக்கே திரும்புவதற்கு ஜெர்மனி போகலாமா?

கேள்வி: பி.இ. சிவில் முடித்துவிட்டு, திருப்பூரில் சாயக்கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் நீர்வளப் பொறியியல் முதுகலைக்கும், இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி.க்கும் இடம் கிடைத்திருக்கிறது. வங்கி 25 லட்சம் கடன் தரத் தயார். படித்துவிட்டு ஊருக்கே வந்து, மாசுபட்ட நொய்யல் ஆற்றுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்பது ஆசை. "திரும்பி வர்றதுக்கு எதுக்குப் போகணும்? போனா அங்கேயே செட்டில் ஆகு" என்கிறார் அப்பா. வெளிநாட்டுப் பட்டத்துக்கு இங்கே மதிப்பு இருக்குமா ஐயா?
- 24 வயது வாசகர், திருப்பூர்

பதில்: வெறும் பட்டத்துக்கு என்றால், பெரிதாக இல்லை. சுத்திகரிப்பு நிலையம் நடத்துபவர் உங்கள் சான்றிதழைப் பார்க்கமாட்டார். எவாப்பரேட்டர் (உப்புநீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் இயந்திரம்) நின்றுபோனால் எவ்வளவு சீக்கிரம் ஓட வைப்பீர்கள் என்றுதான் பார்ப்பார். அரசு உதவிப் பொறியாளர் வேலைக்கும் அடிப்படைத் தகுதி பி.இ. தான். கல்லூரியில் பாடம் நடத்தும் எண்ணம் இருந்தால் மட்டும் வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச்சான்று வாங்கவேண்டி வரும். அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025-ல் புதிய விதிமுறைகள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே, இங்கே இல்லாத எதைக் கற்றுக்கொண்டு வரப்போகிறீர்கள் என்று முதலில் பார்ப்போம்.

இயந்திரங்களைக் கற்கத்தான் என்றால் போகவேண்டாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்குத் திருப்பூர் மாறியே ஆகவேண்டியிருந்தது. ஆர்.ஓ.வில் பிரித்த தண்ணீர் பட்டறைக்குத் திரும்புகிறது. மிஞ்சும் உப்புநீர் எவாப்பரேட்டருக்குப் போகிறது. அதிலிருந்து எடுக்கும் உப்பும் மறுபடி சாயத்தொட்டிக்கே வருகிறது. இதை ஷிப்ட் ஷிப்டாகப் பார்த்தவர் நீங்கள். ஜெர்மனியில் உங்கள் வகுப்பில் அப்படி இன்னொருவர் இருந்தால் ஆச்சரியம்தான்.

நமக்குக் குறைவாக இருப்பது வேறு. ஜெர்மனியின் ரூர் தொழில்பகுதியில் எம்ஷர் என்று ஓர் ஆறு. நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலைகளும் நிறைந்த பகுதி என்பதால், நூறு வருடத்துக்கு மேல் அது திறந்த சாக்கடையாகவே ஓடியது. நொய்யலின் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1992-ல் அதை மீட்கும் வேலையைத் தொடங்கி, சுமார் 550 கோடி யூரோ செலவழித்து, 2021 முடிவில் ஆற்றில் கழிவுநீர் கலப்பதை முழுதாக நிறுத்தினார்கள். செய்தது 1899-ல் தொடங்கப்பட்ட ஒரு நீர்ச் சங்கம். கரையோர நகராட்சிகளும் தொழிற்சாலைகளும் அதில் கட்டாய உறுப்பினர்கள். செலவை அவர்களே பங்கிட்டுக் கட்டவேண்டும். யார் எவ்வளவு கட்டுவது, கணக்கை யார் சரிபார்ப்பது, கட்டாதவரை என்ன செய்வது என்பதையெல்லாம் அந்தச் சங்கம் நூறாண்டுக்கு மேலாகப் பேசிப் பேசித் தீர்த்து வந்திருக்கிறது. நொய்யலுக்கு அவசரமாக வேண்டியது இந்த அறிவு என்பது என் கருத்து. பாடப்புத்தகத்தில் இது அரைப் பக்கம் தாண்டாது. அப்படிப்பட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தால்தான் பிடிபடும்.

அதனால்தான், படிப்பை முடித்த கையோடு திரும்பி வராதீர்கள் என்கிறேன். அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வெறும் பட்டத்தோடு வந்தால் இங்கே உங்களைப் புதுசாகச் சேர்ந்த ஆளாகத்தான் நடத்துவார்கள். ஜெர்மனியில் படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும். மூன்று நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு வருகிறவரின் பேச்சுக்கு எடை வேறு.

கடன் கணக்கும் அதையேதான் சொல்கிறது. விசாவுக்கு முதல் வருடச் செலவாக 11,904 யூரோவை, மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க விடும் முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டவேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக்கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் ஷ்டுட்கார்ட் இருக்கும் மாநிலம் நம்மைப் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. இரண்டு வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 30,000 யூரோ பக்கம் வரும். 25 லட்சம் கடனைப் பத்தரை சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 33,700 ரூபாய். படிக்கும் காலத்தில் சேரும் வட்டி தனி. திருப்பூர்ச் சம்பளத்தில் இதைக் கட்டிக்கொண்டு நொய்யலைப் பற்றி யோசிக்க முடியாது. திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போய் வராதவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஊர்ப்பாசம் குறைந்ததால் நின்றவர்கள் சிலர்தான். மற்றவர்களை நிறுத்தியது இந்தத் தவணை.

ஆகவே என் ஆலோசனை, இந்த வருட இடத்தை விட்டுவிடுங்கள். அவசரப்படாமல் காரணத்தையும் கேளுங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு, வளரும் நாடுகளின் பட்டதாரிகளுக்கு எபோஸ் (EPOS) என்றொரு உதவித்தொகை தருகிறது. இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. இரண்டும் உங்களுக்குப் பொருந்துகிறது. மாதம் 992 யூரோவோடு காப்பீடும் பயணப்படியும் உண்டு. நீர் சார்ந்த படிப்புகள் அந்தப் பட்டியலில் உண்டு. விண்ணப்பத்தைப் பெரும்பாலும் அந்தந்தத் துறைக்கே அனுப்பவேண்டும். கடைசித் தேதி படிப்புக்குப் படிப்பு மாறும், ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே முடிந்துவிடும். படித்ததைச் சொந்த நாட்டில் எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்று விண்ணப்பத்தோடு தரும் நோக்கக் கடிதத்தில் எழுதச் சொல்வார்கள். பலர் அங்கே பொதுவாக எதையாவது எழுதித் தோற்பார்கள். உங்களிடம் ஒரத்துப்பாளையம் இருக்கிறது. கூடவே ஷ்டுட்கார்ட்டுக்கும் மறுபடி விண்ணப்பியுங்கள். உதவித்தொகை கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் கடனோடு போகலாம். இன்னொரு வருட அனுபவமும் கையில் இருக்கும்.

அந்த ஒரு வருடத்தில் ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலையை முடித்துவிடுங்கள்; கோவையிலேயே ஜெர்மன் கற்பிக்கும் கோத்தே மையம் இருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில் என்றாலும், நகராட்சி நீர்த்துறையும் நீர்ச் சங்கங்களும் ஜெர்மனில்தான் இயங்குகின்றன. மொழி இல்லாதவர்கள் கிடங்கில் பார்சல் அடுக்கப் போகிறார்கள். மொழி தெரிந்தவர்களுக்கு அதே நேரத்தில் துறை சார்ந்த மாணவர் வேலை கிடைக்கிறது, அவர்களை எடுத்த இடமே பிறகு நிரந்தர வேலையும் தருவதுண்டு.

ஆய்வேட்டுக்கு ஊர்ப் பிரச்சினையையே எடுங்கள். சாயத்துக்கு மறுபடி பயன்படும் சோடியம் சல்பேட் உப்பைப் பிரித்த பிறகு மிஞ்சும் கலப்பு உப்பு உங்கள் நிலையத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். சாயத்துக்கும் உதவாது, வெளியே கொட்டவும் முடியாது. அதைச் செலவு கட்டுப்படியாகும்படி பிரிப்பது எப்படி என்று ஒரு ஜெர்மன் ஆய்வகத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து பார்த்தால், திரும்பி வரும் நாளில் உங்களைக் கூப்பிட இங்கே ஒரு முதலாளியாவது இருப்பார். கிளம்பும்போது ஒரு வருட ஆய்வக அறிக்கைகளை நிர்வாகத்தின் எழுத்து அனுமதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.

இங்கிலாந்து வேண்டாம். ஓராண்டுப் படிப்பில் மூச்சுவிடவே நேரமிருக்காது. 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய விசாவும் இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. கட்டணம் தனிக்கதை.

திரும்பியவுடன் நினைத்த வேலையே கிடைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் நெதர்லாந்திலும் கேம்பிரிட்ஜிலும் ஆராய்ந்தது உருளைக்கிழங்கை. அமெரிக்காவில் வந்த வேலையை மறுத்துவிட்டு 1954-ல் திரும்பியபோது கட்டாக்கில் கிடைத்தது நெல் ஆராய்ச்சி. பெயர் வாங்கியது டெல்லியில், கோதுமையில். பயிர் மாறியது, மரபியல் கூடவே வந்தது. கண் மருத்துவர் எஸ்.எஸ்.பத்ரிநாத் அமெரிக்காவில் பயிற்சி முடித்து 1970-ல் சென்னை திரும்பினார். சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனையைத் தொடங்கியது எட்டு வருடம் கழித்து, 1978-ல்.

ஒருவேளை அங்கேயே தங்கிவிட்டாலும் குற்ற உணர்ச்சி வேண்டாம். வீட்டுக்குப் பணம் அனுப்புவதும், இங்கிருந்து ஒரு மாணவரை அந்த ஆய்வகத்துக்குக் கூப்பிட்டுக்கொள்வதும் பங்களிப்புதான். அப்பாவிடம் இப்போதே "செட்டில் ஆகிறேன்" என்றோ "வந்துவிடுவேன்" என்றோ வாக்குக் கொடுக்காதீர்கள். கடன் முடிகிற வருடத்தில் உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லிவையுங்கள்.