இசை கேள்வி பதில்: ஒரு காதில் குரல், மறு காதில் கிதார்

கேள்வி: இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் முதல் ஆல்பம் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'யை இப்போது ஹெட்போனில் கேட்டால், குரல் வலது காதிலும் வாத்தியங்கள் இடது காதிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. அந்தக் காலத்தில் ரேடியோவில் கேட்ட கனம் இல்லை. ஹெட்போன் கோளாறா?
– வாசகர், திருச்சி

பதில்: ஹெட்போன் மேல் பழி போடாதீர்கள். லண்டன் ஆபி ரோட்டிலுள்ள இஎம்ஐ ஸ்டூடியோவில் அந்த ஆல்பம் பதிவானது இரண்டே டிராக் (தனித்தனி ஒலித்தடம்) கொண்ட டேப்பில். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஒன்றில் வாத்தியங்களையும் மற்றதில் குரல்களையும் பிடித்தார். பிறகு அளவு பார்த்துக் கலந்து மோனோ, அதாவது எல்லாம் ஒரே சேனலில் வரும் ஒலி, ஆக்கத்தான் அந்த ஏற்பாடு. இடம், வலம் எனப் பிரித்துத் தரும் ஸ்டீரியோ எல்பி இசைத்தட்டுக்கு அந்த இரண்டு டிராக்கையும் ஏறக்குறைய அப்படியே இரு பக்கமும் வைத்துவிட்டார்கள். நடுவில் வெற்றிடம். ரேடியோவில் நீங்கள் கேட்டது மோனோ.

2009இல் வந்த மோனோ பதிப்பைத் தேடிப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் போன் செட்டிங்ஸில் 'அக்சசிபிலிட்டி'க்குள் 'மோனோ ஆடியோ'வை ஆன் செய்து, பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இது மார்ட்டினின் கலவை ஆகிவிடாது. குரலுக்கும் கிதாருக்குமான விகிதம் கொஞ்சம் மாறும். ஆனால் பாட்டு ஒன்றாகிவிடும். இயர்போனை ஆளுக்கொன்றாக மாட்டிக் கேட்பவர்களுக்கு இதை விட்டால் வழியில்லை. இல்லையென்றால் ஒருவருக்குப் பாட்டு, மற்றவருக்குக் கரோக்கி!

ஸ்டீரியோவை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். தலைப்புப் பாட்டின் ஸ்டீரியோ வடிவம் வேறு டேக்குகளிலிருந்து (பாடிப் பதிந்த தடவைகள்) ஒட்டியது. கடைசிச் சரணத்தில் பாடகர் ஜான் லெனன் வரியைத் தவறாகப் பாடிவிட்டு, அடுத்து வரும் 'கம் ஆன்'இல் சிரிப்பை அடக்க முடியாமல் திணறுவது அதில்தான் கேட்கும்.

கேள்வி: பீட்டில்ஸின் 'லவ் மீ டூ'வில் டிரம்ஸ் அடித்தது குழுவின் டிரம்மர் ரிங்கோ இல்லையாமே?
– வாசகி, புதுச்சேரி

பதில்: அந்தக் காலத்தில் வெளியான பதிவுகள் இரண்டு. 1962 செப்டம்பர் 4 பதிவில் ரிங்கோ. செப்டம்பர் 11 பதிவில் டிரம்ஸ் வெளியிலிருந்து வந்த ஆண்டி ஒயிட், ரிங்கோ கையில் டாம்பரின் (சலங்கை கட்டிய கைப்பறை). எனவே டாம்பரின் குலுங்கினால் ஒயிட், இல்லையென்றால் ரிங்கோ. ஆல்பத்தில் இருப்பது ஒயிட். முதலில் வந்த சிங்கிளில் (தனிப்பாட்டுத் தட்டில்) ரிங்கோ. அதை இப்போது 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' தொகுப்பில் கேட்கலாம்.

கேள்வி: பீட்டில்ஸின் பழைய மோனோ எல்பி ஒன்று கையில் கிடைத்தது. ஒரே கரகரப்பு!
– வாசகர், கோவை

பதில்: முதலில் கழுவித் துடையுங்கள். பிறகு ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டனை அமுக்குங்கள். மோனோ தட்டில் பாட்டு ஊசியின் பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) மேலும் கீழுமான அசைவையும் சேர்த்து எடுப்பதால் தூசியும் தேய்மானமும் கூடுதலாகக் கேட்கும். இரண்டு சேனலும் சேரும்போது அந்தப் பங்கு அடிபட்டுப்போகும். ஆழமான கீறலை மட்டும் எந்தப் பட்டனும் போக்காது. இதைத் திருப்பிச் செய்துவிடாதீர்கள்: பழங்கால மோனோ கார்ட்ரிட்ஜில் ஸ்டீரியோ தட்டை ஓட்டினால், மேலும் கீழும் வளைந்து கொடுக்காத ஊசி பள்ளத்தையே சுரண்டிவிடும்.