பாடலாசிரியர் நா. முத்துக்குமாரை நினைத்துக் கேட்க எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

வேலூர்க்காரனிடம் கேட்டால் ‘வெயிலோடு விளையாடி’தான், வேறென்ன. 2006இல் ‘வெயில்’ படத்துக்கு எழுதியது. கதை விருதுநகர்ப் பக்கம் நடந்தாலும், மே மாதம் காய்ந்துகிடந்த பாலாற்று மணலில் செருப்பையே ஸ்டம்பாக நட்டு கிரிக்கெட் ஆடிய எங்களுக்கு அது எங்க ஊர்ப் பாட்டு.

அப்புறம் ‘ஆனந்த யாழை’. ‘தங்க மீன்கள்’ படத்தின் இந்தப் பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தது, அடுத்த வருஷமே ‘சைவம்’ படத்து ‘அழகே’வுக்கு இன்னொன்று. விருதை விடுங்கள். ஒருநாள் காட்பாடி பஸ்ஸில் இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, முன்சீட்டில் ஒருவர், தோளில் தூங்கும் மகளின் தலை எண்ணெய் சட்டையில் வட்டமாக ஊறியிருக்க, இறங்க வேண்டிய ஸ்டாப் வந்ததும் எழுந்தார், என்ன நினைத்தாரோ, திரும்ப உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிந்து அடுத்த ஸ்டாப்பில்தான் இறங்கினார்.

‘தெய்வங்கள் எல்லாம்’ பாட்டை மட்டும், அப்பாவை இழந்தவர்கள் ராத்திரியில் தனியாகக் கேட்காதீர்கள். சிறு வயதிலேயே தாயை இழந்து அப்பாவிடம் வளர்ந்தவர் எழுதியது, சும்மா விடாது.

காதல் பாட்டு வேண்டுமென்றால் ‘7ஜி ரெயின்போ காலனி’ படப் பாட்டுகளை முழுதாகவே கேட்கலாம். பக்கத்து காஞ்சிபுரத்துக்காரர் முத்துக்குமார், 2016 ஆகஸ்ட் 14இல் இறந்துபோனபோது வயது 41தான்.