வானம் தோண்டும் முன் ஒரு வார்த்தை

கேள்வி: பென்னாகரம் அருகே குடிசையில் வசிக்கிறோம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் எங்களுக்கு ஆணை வந்திருக்கிறது. பக்கவாதம் வந்த அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். வெயில் தாங்கும், சுற்றுச்சூழலுக்கு ஏற்ற வீடாகக் கட்டினால் அரசு கூடுதல் உதவி தருமா?

பதில்: இந்தத் திட்டத்தில் அதற்கெனத் தனித் தொகை கிடையாது. கிடைப்பது 3.50 லட்சம் ரூபாய், அதுவும் தவணைகளாக. புதிய தொழில்நுட்பத்துக்காக மத்திய அரசு எடுத்த பெரிய முயற்சியில் சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் கட்டி 2022இல் திறந்தார்கள். முன்பே வார்த்த கான்கிரீட் பாகங்களைப் பொருத்தும் அந்த முறை அடுக்குமாடிக்குச் சரி, உங்கள் வீட்டுக்கு உதவாது. ஆனால் நீங்கள் கேட்பதில் பெரும்பகுதியை இந்தப் பணத்துக்குள்ளேயே செய்ய முடியும். வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டும் முன்பே முடிவெடுத்துவிட வேண்டும்.

முதலில் அப்பா. மேஸ்திரிகள் வழக்கமாக ஒன்றரை அடி பேஸ்மட்டம் எழுப்பி மூன்று படி வைப்பார்கள். என் பாட்டி அந்த மூன்று படியை ஏற முடியாமல் தம் கடைசி ஆண்டைத் திண்ணையிலேயே கழித்தார். அதனால் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே சாய்தளத்தின் கணக்கு. ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி வேண்டும். வீட்டை 18க்கு 20 என்று அமைத்தால் பக்கச் சுவரை ஒட்டியே சாய்தளம் அடங்கிவிடும். வாசலும் கழிப்பறைக் கதவும் மூன்று அடி அகலம் இருக்கட்டும். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை அவரே அடைத்துக்கொண்டு கிடப்பார்.

அடுத்தது சுவர். களிமண் சாந்தில் கட்டுவதைத் திட்டம் ஏற்பதில்லை. செங்கல்லையே எலிப்பொறிக் கட்டாக, அதாவது கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினால், கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும். அந்த வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். செம்மண்ணில் சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திச் செய்யும் கற்களும் நல்லவைதான், சூளையே வேண்டாம். இரண்டில் எதுவானாலும் ஒன்றியப் பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே கல் இறக்குங்கள். பாதிச் சுவரில் ஆட்சேபம் வந்தால் அடுத்த தவணை நின்றுபோகும். எலிப்பொறிக் கட்டு தெரிந்த கொத்தனார் கிடைக்காவிட்டால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். பழக்கமில்லாத கை கட்டினால் மிச்சமெல்லாம் சாந்தில் போய்விடும்.

360 சதுர அடியில் 300 கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரை போடலாம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அங்கே ஓடு வேய்ந்து மேற்குப் பக்கத் தாழ்வாரமாக்குங்கள். மாலை வெயில் சுவரில் நேராக விழாது, அப்பாவுக்கும் காற்றாட உட்கார ஓர் இடம் கிடைக்கும்.

இனி தண்ணீர். நம் தருமபுரி மாவட்டத்தின் ஃபுளோரைடு தொல்லைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த நீர் வரும் நாளில் அதையே குடியுங்கள். வராத நாளுக்கு மழைநீர் இருக்கிறது, அதில் பாறையின் ஃபுளோரைடு கலப்பதில்லை. 300 சதுர அடித் தளத்தில், ஆண்டு மழையை 800 மில்லிமீட்டர் என்று குறைத்து வைத்து, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், சுமார் 17,800 லிட்டர் சேரும். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லிட்டர் போதும் என்றால், 5,000 லிட்டர் தொட்டி 200 நாள் வரும். மழையின் முதல் நீரை வெளியே விட்டு, மணல், கரி, ஜல்லி வழியாக வடித்து, வெளிச்சம் புகாத மூடிய தொட்டியில் சேமித்து, காய்ச்சிக் குடியுங்கள். கையில் பணம் மிஞ்சினால் நான் முதலில் இந்தத் தொட்டிக்குத்தான் செலவிடச் சொல்வேன்.

கூரைச் சூரிய மின்சக்திக்கு மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் தருகிறது. ஆனால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் உங்களுக்கு ஏற்கெனவே இலவசம். இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள வீட்டுக்கு இப்போது அவசரமில்லை. தளம் போடும்போது மின்கம்பி இறங்க ஒரு குழாயை மட்டும் பதித்துவிடச் சொல்லுங்கள்.