80 கிலோ படகு எஞ்சினைத் தூக்க எத்தனை கப்பி வேண்டும்?

காசிமேட்டில் ஷெட் உத்திரத்தில் ஒரு கப்பி மாட்டி ஃபைபர் படகு எஞ்சினைத் தூக்குகிறோம், பாரம் குறையவே இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். குறையாது. மேலே மாட்டிய கப்பி கிணற்று ராட்டினம் மாதிரி; இழுக்கும் திசையை மட்டும் மாற்றும். பாரத்தோடு சேர்ந்து மேலேறும் கப்பிதான் சுமையைக் குறைக்கும்.

கணக்கு சுலபம். அந்தக் கீழ்க் கப்பியைத் தாங்கும் கயிறுகளை எண்ணுங்கள். மேலே இரட்டைக் கப்பி (ஒரே கூட்டில் இரண்டு சக்கரம்), கீழே இரட்டைக் கப்பி என்றால் நாலு. 80 கிலோவுக்கு 20 கிலோ இழுப்பு போதும். இது காகிதத்தில். ஒவ்வொரு சக்கரமும் உராய்வில் பத்து சதவீதம் தின்றால் 26 கிலோ ஆகிவிடும். உப்புக்காற்றில் துருவேறி கிறீச்சிடும் கப்பி என்றால் இன்னும் மோசம். அப்புறம், எஞ்சின் ஒரு மீட்டர் ஏற நாலு மீட்டர் கயிறு இழுக்கணும்.

பலர் யோசிக்காதது உத்திரத்தை. ஒற்றைக் கப்பியில் எஞ்சினின் 80, கீழ்நோக்கி நீங்கள் இழுப்பது 80-க்கு மேல். கொக்கியில் 160 கிலோவைத் தாண்டித் தொங்கும். நாலு கயிற்றில் அது 80-ம் 26-ம் சேர்ந்து 106-தான்.

கயிறு 12 மி.மீ. இருக்கட்டும். 26 கிலோவுக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனால் மெல்லிய கயிறு உள்ளங்கையை அறுக்கும். சக்கர விட்டம் கயிற்றைப்போல் எட்டு மடங்கு, அதாவது சுமார் 10 செ.மீ. நைலான் இழுபடும், பாலியெஸ்டர் நல்லது.

தனியாளாகத் தூக்குவதென்றால் இதெல்லாம் விடுங்கள், செயின் பிளாக்கை (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) வாடகைக்கு எடுங்கள். கையை விட்டாலும் பாரம் நின்ற இடத்திலேயே நிற்கும். கயிறு நழுவினால் எஞ்சின் படகின் அடியில் ஓட்டை போட்டுவிடும்.