டெஸ்க்டாப்பில் இருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகளை வெப் கன்சோலுக்கும் கொண்டுபோகலாமா?

மண்ணடியில் இரும்புக் கடை, மணலியில் குடோன். இரண்டு இடத்து கம்ப்யூட்டர்களிலும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைக் கையாளும் மென்பொருளான பிஜிஅட்மின் இருக்கிறது. இப்போது பொதுவாக ஒரு வெப் கன்சோல் (ஒரு சர்வரில் ஓடி, பிரவுசரில் திறக்கும் பிஜிஅட்மின்) வைக்கும்போது இணைப்புகளை மறுபடி அடிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். டூல்ஸ் மெனுவில் சர்வர் பட்டியலை ஜேசன் ஃபைலாக எடுத்து, கன்சோலில் ஏற்றிக்கொள்ளலாம். பாஸ்வேர்டு அதில் வராது, அது நல்லதுதான்.

சிக்கல் அப்புறம்தான். டெஸ்க்டாப்பில் இணைப்பைத் திறப்பது உங்கள் கம்ப்யூட்டர். வெப்பில் திறப்பது கன்சோல் ஓடும் சர்வர். ஃபைலில் 'லோக்கல்ஹோஸ்ட்' (அதாவது 'இதே கம்ப்யூட்டர்') என்று இருந்தால் கன்சோல் தனக்குள்ளேயே தேடும், குடோன் டேட்டாபேஸ் கிடைக்காது. அந்த இடத்தில் டேட்டாபேஸ் இருக்கும் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியைப் போடுங்கள். உங்கள் டிஸ்கில் உள்ள எஸ்எஸ்எல் சான்றிதழின் (பாதுகாப்பான இணைப்புக்கான ஃபைல்) பாதையும் கன்சோல் சர்வரில் செல்லாது. டேட்டாபேஸ் பக்கம், யார் எங்கிருந்து நுழையலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் ஃபைலில் கன்சோல் சர்வரின் ஐபிக்கு ஒரு வரி சேர்த்து, ரீலோட் செய்யுங்கள்.

தயவுசெய்து எல்லாரும் 'போஸ்ட்கிரெஸ்' என்ற ஒரே அட்மின் யூசரில் நுழையாதீர்கள். கன்சோல் வழியாக வருகிற அத்தனை பேருக்கும் டேட்டாபேஸில் ஒரே ஐபிதான் தெரியும். பில்லை யார் அழித்தார்கள் என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை. ஆளுக்கொரு யூசர் கொடுங்கள். டேட்டாபேஸின் வாசலான 5432 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாமல், கடைக்கும் குடோனுக்கும் நடுவே விபிஎன் (தனிப்பட்ட பாதுகாப்பான இணைப்பு) போட்டுக்கொள்ளுங்கள்.