பூட்டனார் பார்த்த உத்தியோகம் என்ன?

பழைய உறுதியிலும் (காணிப் பத்திரம்) கலியாணப் பதிவிலும் ஒரு தொழிற்பெயரைக் கண்டு முழித்தவர்கள் கேட்டவை இவை.

பூட்டனாரின் 1931ஆம் ஆண்டுக் கலியாணப் பதிவில் ‘கண்டக்டர், தலவாக்கலை’ என்று இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அவ்வளவு தூரம் போய் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தாரா? (கரவெட்டி வாசகி)

பெரும்பாலும் அவர் தேயிலைத் தோட்டத்துக் கண்டக்டர். மலையில் நடக்கும் வேலையை மேற்பார்ப்பவர். மேலே துரை (தோட்ட நிர்வாகி), கீழே கணக்கப்பிள்ளை, அதற்கும் கீழே தொழிலாளர் குழுவை நடத்தும் கங்காணி. தொழிலாளர் வாயில் அவர் ‘கண்டாக்கையா’. கணக்கப்பிள்ளை என்ற சொல்லிலும் கவனம் தேவை. நம்மூர்க் கடையில் அவர் பேரேடு எழுதுபவர். தோட்டத்திலோ, கொழுந்து பறிக்கும் இடத்தில் நின்று வேலை வாங்குபவர். கந்தோரில் (அலுவலகத்தில்) பேனா பிடித்தவர் கிளாக்கர். பதிவில் வசிப்பிடத்தையும் பாருங்கள். தோட்டத்தின் பெயரோ ‘குரூப்’ என்ற சொல்லோ இருந்தால் பஸ்ஸை மறந்துவிடலாம்.

‘அப்போதிக்கரி’ என்றால் மருந்துக்கடைக்காரர்தானே? (டொரொன்டோ)

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் பேரனார் அப்போதிக்கரி. (பேரன் என்றால் எங்களுக்குத் தாத்தா, தமிழகத்து வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) அவர் வைத்திருந்த கடையைத் தேடி இரண்டு வருடம் வீணாக்கினேன். கடைசியில் அவருடைய பென்ஷன் கடிதம் ஒன்று ஆப்பு வைத்தது. கடையே இருந்ததில்லை. இலங்கையில் அப்போதிக்கரி என்பவர் மருத்துவக் கல்லூரியில் டொக்டர்களைவிடக் குறுகிய படிப்பை முடித்து, ஆஸ்பத்திரியிலும் டிஸ்பென்சரியிலும் நோயாளியைப் பார்த்து மருந்து கொடுத்த அரசாங்க உத்தியோகத்தர். பின்னாளில் அந்தப் பதவி ஏ.எம்.பி. (உதவி மருத்துவர்) ஆயிற்று. ஆகவே கடைப் பதிவுகளை விட்டுவிட்டு அரசாங்க ஊழியர் பட்டியல்களில் தேடுங்கள்.

எங்கள் பரம்பரை ‘பரியாரி’ பரம்பரை. மதுரைச் சம்பந்தி அதைக் கேட்டு ஒரு மாதிரிப் பார்க்கிறார். (சுன்னாகம்)

அங்கே சில பக்கங்களில் பரியாரி என்றால் முடி திருத்துபவர். யாழ்ப்பாணத்தில் நாட்டு வைத்தியர். உறுதிகளில் ‘பரிகாரி’ என்றும் வரும். கண் பரியாரி, விஷகடிப் பரியாரி, முறிவு நெரிவுக்கு ஒருவர், மாட்டுக்கு ஒருவர் என்று பிரிவுகள் இருந்தன. வீட்டில் ஏட்டுச்சுவடி கிடந்தால் அதில் எந்த வாகடம் (வைத்திய நூல்) என்று பாருங்கள். எந்தப் பரியாரி என்பது தெரிந்துவிடும். சம்பந்திக்கும் காட்டலாம்.

பூட்டன் உடையாரா, விதானையா? வீட்டில் ஆளுக்கொரு கதை. (கொழும்பு)

அந்நாளில் அரசாங்கம் வைத்த ஊர் அதிகாரிகள் இவர்கள்: ஊருக்கு ஒரு விதானை, பல ஊர் சேர்ந்த கோயிற்பற்றுக்கு உடையார், அதற்கும் மேலே மணியகாரர். 1946இல் மணியகாரர் இடத்துக்கு டி.ஆர்.ஓ. (பிரிவு வருவாய் அதிகாரி) வந்தார். 1963இல் விதானை கிராம சேவகர் ஆனார். ஆனால் அரசாங்கம் பெயரை மாற்றினால் ஊர் மாற்றுமா? இன்றைக்கும் “விதானையாரிட்டைப் போய்க் கையெழுத்து வாங்கு” என்றுதான் சொல்கிறோம். எனவே 1970ஆம் ஆண்டு மரண அறிவித்தலில் ‘விதானையார்’ என்றிருந்தால் அவர் கிராம சேவகராக இருக்கலாம். ‘உடையார் வளவு’ என்ற காணிப் பெயரை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். வளவை வாங்கியவர்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். உறுதியில் ஆளின் பெயரோடு பதவி எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

பிறக்கிராசி, அப்புக்காத்து, சிறாப்பர், சட்டம்பியார்: நாலையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். (லண்டன்)

பிறக்கிராசி, புரொக்டர். கட்சிக்காரர் முதலில் போவது அவரிடம். மன்றில் வாதாட அவர் அமர்த்துபவர் அப்புக்காத்து, அதாவது அட்வகேட்; ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். 1974 முதல் இருவரும் சட்டத்தரணிகள். சிறாப்பர், கச்சேரியில் (மாவட்ட அரசாங்கக் கந்தோரில்) காசு எண்ணி வாங்கியவர். சட்டம்பியார், பள்ளிக்கூட வாத்தியார். மலையாளிகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், அங்கே சட்டம்பி என்றால் ரவுடி.

வல்வெட்டித்துறைப் பூட்டன் ‘தண்டையல்’. அவருடைய தம்பி ‘ஓடாவி’. (பருத்தித்துறை)

தண்டையல், பாய்க்கப்பலின் தலைவன். ஓடாவி இன்றைக்குத் தச்சர் என்றாலும், கடற்கரை ஊரில் பழைய ஆளென்றால் கப்பல் கட்டியவராகவும் இருக்கலாம். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அவ்வூர்த் தண்டையலோடும் ஆட்களோடும் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. தம்பியார் எந்தக் கப்பலில் உளி பிடித்தார் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.