சட்ட மேசை: பாலியல் குற்ற வழக்கில் பேரம் பேசலாமா?

இம்முறை வந்த கடிதங்களுள் பல, பாலியல் குற்ற வழக்கில் அரச தரப்பும் எதிரித்தரப்பும் (குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பும்) குற்றச்சாட்டையும் தண்டனையையும் பேசிக் குறைத்துக்கொள்ளும் பேரம் என்ற ஒரே விடயத்தைப் பற்றியே இருந்தமையால், அவற்றை மட்டும் எடுத்துப் பதில் எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களையும் ஊர் விபரங்கள் சிலவற்றையும் வேண்டுமென்றே தவிர்த்துள்ளேன். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை இனங்காட்டக்கூடிய விபரத்தை அச்சில் வெளியிடுவது நமது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும் என்பதை முகநூலில் எழுதும் நண்பர்களும் நினைவில் வைத்திருந்தால் நல்லது.

கேள்வி: அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் மீது பல சிறுமிகள் முறையிட்டிருந்தும் 2008 ஆம் ஆண்டில் சொற்ப காலச் சிறையோடு அவரை விட்டுவிட்டார்கள் என்று வாசித்தேன். வழக்குத்தொடுநரும் எதிரித்தரப்புச் சட்டத்தரணிகளும் கதவை மூடிக்கொண்டு பேசி முடிப்பதற்குப் பெயர் நீதியா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்முனை)

பதில்: ஐயா, அந்த வழக்கில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால்தான் எங்கே தவறு நிகழ்ந்தது என்பது விளங்கும். புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் பொலிசார் 2005 இல், 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் குடும்பத்தார் செய்த முறைப்பாட்டின் பேரில் விசாரணையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டில் அது சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தின் கைக்குச் சென்றது. சமஷ்டி வழக்குத்தொடுநர் அலுவலகத்தில் 53 பக்கங்கள் கொண்ட குற்றப்பகர்வு (குற்றச்சாட்டுப் பத்திர) வரைவொன்றும் தயாரிக்கப்பட்டது. ஆனால் அது நீதிமன்றில் தாக்கல் செய்யப்படவில்லை. எப்ஸ்டீனுக்காகக் கென்னத் ஸ்டார், அலன் டெர்ஷோவிட்ஸ், ரோய் பிளாக், ஜே லெஃப்கோவிட்ஸ் முதலிய பெயர்பெற்ற சட்டத்தரணிகள் முன்வந்து மாதக்கணக்கில் பேசியதன் விளைவாக, அலெக்சாண்டர் அக்கொஸ்டா தலைமை தாங்கிய அந்த அலுவலகம், 2007 செப்டெம்பர் 24 இல் வழக்குத் தொடராமைக்கான உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டது. அதன்படி எப்ஸ்டீன் மாநில நீதிமன்றில் இரண்டு குற்றச்சாட்டுகளை மட்டும் ஏற்றுக்கொள்வார். சமஷ்டி வழக்கு எதுவும் வராது. அவரோடு சேர்ந்து சதி செய்திருக்கக்கூடியவர்கள் மீதும் வழக்கு வராது. 2008 ஜூன் 30 இல் அவ்வாறே குற்றத்தை ஏற்று, 18 மாதச் சிறைத்தண்டனை பெற்று, அதில் ஏறத்தாழ 13 மாதங்களைக் கழித்தார். அந்தக் காலத்திலும் வாரத்தில் ஆறு நாட்கள், பகலில் வெளியே சென்று தமது அலுவலகத்தில் இருந்துவர அவருக்கு அனுமதி வழங்கப்பட்டது.

அக்கொஸ்டாவும் லெஃப்கோவிட்ஸும் ஒரு விடுதியில் காலையுணவின்போது சந்தித்த கதையே பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. அந்தச் சந்திப்பு 2007 ஒக்டோபரில், அதாவது உடன்படிக்கை கைச்சாத்தான பிறகு நடந்தது. ஆகவே பேரம் அங்கேதான் முடிந்தது என்பது சரியல்ல. எனக்கு அதைவிடப் பாரதூரமாகத் தெரிவது 2008 ஜனவரியில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு அனுப்பப்பட்ட கடிதங்கள்தாம். உடன்படிக்கை செய்து மூன்று மாதங்களுக்கு மேல் கடந்திருந்தும், விடயம் இன்னும் விசாரணையில் இருக்கிறது, பொறுமையாக இருங்கள் என்ற பொருளிலேயே அவை எழுதப்பட்டிருந்தன. சமஷ்டி நீதிமன்றில் குற்றப்பகர்வே தாக்கல் செய்யப்படாதபடியால், அந்த உடன்படிக்கையை எடைபோட்டுப் பார்க்க ஒரு சமஷ்டி நீதிபதியும் இருக்கவில்லை. பாதிக்கப்பட்டவருக்கும் தெரியாது, நீதிபதிக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் பேசிய இரு தரப்பாரும் மட்டுமே.

பேசுவதே தவறு என்று சொல்ல என்னால் முடியாது. சாட்சிகள் அஞ்சினார்கள், வழக்கு விளக்கத்துக்கு (முழு விசாரணைக்கு) போனால் தோற்றுவிடும் அபாயம் இருந்தது, நிச்சயமான ஒரு சிறைத்தண்டனையும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் பெயரும் கிடைத்தால் போதும் என்று கருதினோம் என அக்கொஸ்டா பிற்காலத்தில் கூறியது, வழக்காடி அனுபவமுள்ள எவரும் உடனே தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. இருந்தும், பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகள் பற்றிய 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தை வழக்குத்தொடுநர்கள் மீறினார்கள் என்று நீதிபதி கென்னத் மாரா 2019 பெப்ரவரியில் தீர்ப்பளித்தார். அவ்வாண்டு ஜூலையில் எப்ஸ்டீன் நியூயோர்க் வழக்கில் கைதானதும், தொழில் அமைச்சராக இருந்த அக்கொஸ்டா பதவி விலகினார். ஓகஸ்ட் 10 இல் எப்ஸ்டீன் சிறையிலேயே இறந்தார். நீதித் திணைக்களத்தின் உள்ளக விசாரணை அறிக்கை 2020 நவம்பரில் வெளிவந்தபோது, தொழில்முறைத் தவறு நிரூபிக்கப்படவில்லை, ஆனால் அக்கொஸ்டாவின் முடிவு மோசமான மதிப்பீடு என்று கூறியது. மேன்முறையீட்டு நீதிமன்றோ 2021 இல், குற்றப்பகர்வு தாக்கல் செய்யப்படாத கட்டத்தில் அந்தச் சட்டத்தின் கீழ்த் தனி வழக்குத் தொடர இயலாது என்று முடிவு செய்தது. அந்தப் பெண்கள் பத்தாண்டுக்கு மேல் நடத்திய வழக்கு அவ்வாறு முடிந்தது.

கேள்வி: இலங்கையில் இவ்வாறான பேரத்துக்குச் சட்டம் இடமளிக்கிறதா? இந்தியாவில் தனிச் சட்டம் உண்டு என்கிறார்களே? (சட்டக்கல்வி மாணவி, காத்தான்குடி)

பதில்: இந்தியாவில் 2005 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆயினும் ஏழாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களும், பெண்களுக்கு எதிரான குற்றங்களும், பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்களும் அதற்குள் வரமாட்டா. எனவே நீங்கள் கேட்கும் வகை வழக்குகளில் அங்கே அந்த வழி அடைபட்டே இருக்கிறது.

இங்கே நிலைமை வேறு. நமது 1979 இன் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இதற்கென விரிவான நடைமுறை வகுக்கப்படவில்லை. ஆனால் நடப்பில் பேச்சுவார்த்தை இருக்கிறது. மேல் நீதிமன்றில் குற்றப்பகர்வு தாக்கல் செய்யும் அதிகாரமும் அதை மீளப்பெறும் அதிகாரமும் சட்டமா அதிபருக்கே உரியவை. எதிரித்தரப்புச் சட்டத்தரணி கொழும்பு புதுக்கடையிலுள்ள சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு எழுத்தில் சமர்ப்பணம் செய்யலாம். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அம்பாறையிலோ தோன்றும் அரச சட்டத்தரணியுடன் பேசலாம். குறைந்த குற்றச்சாட்டொன்றை எதிரி ஏற்றுக்கொள்வதாகவும், பெரிய குற்றச்சாட்டை அரச தரப்பு கைவிடுவதாகவும் முடிவாகலாம். இவை நீதவான் நீதிமன்றின் தாழ்வாரத்தில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தர் தீர்மானிக்கக்கூடிய விடயங்கள் அல்ல என்பதை மாத்திரம் அழுத்திச் சொல்கிறேன்.

தண்டனை அளவில் இரு தரப்பும் எதைப் பேசியிருந்தாலும் அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. பாலியல் வல்லுறவுக்குப் பொதுவாக 7 முதல் 20 ஆண்டுகளும், பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவராயின் 10 முதல் 20 ஆண்டுகளும் சட்டத்தில் விதிக்கப்பட்டுள்ளன. ஆனால் அனுராதபுரம் மேல் நீதிமன்றிலிருந்து அனுப்பப்பட்ட வினாவொன்றுக்கு 2008 இல் பதிலளித்த உயர் நீதிமன்று, அந்தக் குறைந்தபட்சத் தண்டனை நீதிபதியின் தற்றுணிபை (தாமே தீர்மானிக்கும் அதிகாரத்தை) பறிக்கும் அளவில் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்மானித்தது. அதன் பிறகு, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை தொடர்பான வழக்குகளில் குற்றத்தை ஏற்றுக்கொண்டு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோடு வீடு செல்லும் எதிரிகளைப் பார்க்கிறோம். ஏறக்குறைய ஒத்த வயதுடைய இருவர் காதலித்த வழக்குக்கு அந்தத் தீர்மானம் நியாயமான வழியைத் திறந்தது என்பதை ஏற்கிறேன். அதையே நாற்பது வயது மாமனுக்கும் நீட்டக் கேட்பது எதிரித்தரப்பின் வேலை; எதிர்க்க வேண்டியது அரச தரப்பின் வேலை. இரண்டாமவர் அங்கே மௌனமாக இருந்தால் பாதிக்கப்பட்டவருக்காகப் பேச ஆளில்லை.

கேள்வி: எழுத்தில் இல்லாமல், வாய்மொழியாகத் தரப்படும் உறுதிமொழி செல்லுபடியாகுமா? (இளம் சட்டத்தரணி, அக்கரைப்பற்று)

பதில்: அமெரிக்க நடிகர் பில் கொஸ்பி மீதான பாலியல் தாக்குதல் வழக்கை நீங்கள் படித்திருப்பீர்கள். வழக்குத் தொடரப் போவதில்லை என்று மாவட்ட வழக்குத்தொடுநர் புரூஸ் காஸ்டர் 2005 இல் ஓர் ஊடக அறிக்கை விட்டார். முறையான உடன்படிக்கை எதுவும் எழுதப்படவில்லை. அதை நம்பிக் கொஸ்பி குடியியல் வழக்கில் வாக்குமூலம் கொடுத்தார். பின்னர் வந்த வழக்குத்தொடுநர்கள் அதே வாக்குமூலத்தைப் பயன்படுத்தி 2018 இல் அவரைக் குற்றவாளியாக்கினார்கள். 2021 ஜூன் 30 இல் பென்சில்வேனியா உயர் நீதிமன்று, அந்த வாக்குறுதியைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று கூறித் தீர்ப்பை இரத்துச் செய்தது. முறையிட்ட பெண்ணுக்கு அதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. நீங்கள் எந்தத் தரப்பில் நின்றாலும் எழுத்தில் கேளுங்கள். திறந்த நீதிமன்றில் பதிவாகச் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு பிள்ளையின் விடயத்தை இரு குடும்பமும் பெரியவர்களும் கூடிப் பணம் கொடுத்துச் சமாதானமாக்கப் பார்க்கிறார்கள். மத்தியஸ்த சபையில் முடிக்கலாம் என்றும் சொல்கிறார்கள். (பெயர் வேண்டாம், அம்பாறை மாவட்டம்)

பதில்: முடியாது. பாலியல் வல்லுறவும் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகமும் இணங்கித் தீர்க்கக்கூடிய குற்றங்கள் அல்ல. 1988 இன் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்கும் அவற்றில் அதிகாரமில்லை. குற்றவாளியைத் தண்டனையிலிருந்து காப்பதற்காகப் பணம் பெறுவதும் கொடுப்பதும் தாமே குற்றங்கள். கோயில் நிர்வாகமோ பள்ளிவாசல் நிர்வாகமோ எழுதிய கடிதத்துக்குச் சட்டத்தில் பெறுமதி கிடையாது. சாட்சியை அச்சுறுத்தியமைக்கு அதுவே சான்றாகிவிடலாம். எப்ஸ்டீன் விடயத்தைக் கண்டு கொதிக்கும் நாம், நமது ஊரில் ஒரு மூலைக்குள் இருந்து இதையே செய்கிறோம் என்பதை ஊர்ப்பெரியவர்களிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயதில் நேர்ந்த கொடுமை தொடர்பான வழக்கு மேல் நீதிமன்றில் இருக்கிறது. இப்போது அவளுக்கு 19 வயது. எதிரி குறைந்த குற்றச்சாட்டை ஏற்கத் தயார் என்றும், நாங்கள் சம்மதித்தால் வழக்கு அன்றே முடியும் என்றும் சொல்கிறார்கள். மகளுக்கு மறுபடியும் கூண்டில் ஏறப் பயம். என்ன செய்வது? (ஒரு தாய், மட்டக்களப்பு மாவட்டம்)

பதில்: அம்மா, முதலில் இதை உங்களிடம் சொன்னது யார் என்று பாருங்கள். அரச சட்டத்தரணி நேரில் சொல்லியிருந்தால் ஒரு விதம். எதிரியின் உறவினரோ அவருடைய சட்டத்தரணியின் ஆட்களோ வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தால் அதை உடனே அரச சட்டத்தரணிக்குத் தெரியப்படுத்த வேண்டும். பேரம் பேச வேண்டிய இடம் உங்கள் வீட்டு விறாந்தை அல்ல.

அடுத்ததாக, அந்தக் குறைந்த குற்றச்சாட்டு எது என்று கேளுங்கள். இந்த ஒரு விடயத்தில் பிடிவாதமாக இருங்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எதிரான பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்றால் சட்டம் 7 முதல் 20 ஆண்டுகள் வரை சொல்கிறது; அங்கே நீதிபதிக்குக் கடுமையாகத் தண்டிக்க இடமுண்டு. பாலியல் தொந்தரவு என்ற குற்றச்சாட்டாகக் குறைக்கப்பட்டால் உச்ச அளவே 5 ஆண்டுகள்தான். இரண்டாண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனையைத்தான் ஒத்திவைக்க முடியும் என்பதால், எதிரித்தரப்பின் கண் எங்கே இருக்கிறது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நட்டஈடு தனி விடயம். நீதிமன்று கட்டளையிடும் நட்டஈட்டைப் பெறுவது மகளின் உரிமை. அதைத் தண்டனைக்குப் பதிலாக ஏற்றுக்கொண்டதாக எவரும் எழுதி வாங்க இடங்கொடுக்க வேண்டாம்.

மகளின் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயம் ஒன்றுக்காக மட்டும் சம்மதிப்பதற்கு முன், வேறு வழிகளைக் கேட்டுப் பார்த்தீர்களா? இவ்வகை வழக்கை மூடிய நீதிமன்றில் விசாரிக்கலாம். சிறுவயதில் அவளுடைய வாக்குமூலம் ஒளிப்பதிவு செய்யப்பட்டிருந்தால், 1999 இன் 32 ஆம் இலக்கச் சட்டம் அதைச் சான்றாகப் பயன்படுத்த வழிசெய்கிறது. எதிரியின் முகத்தைப் பாராமல் வேறோர் இடத்திலிருந்து காணொளி மூலம் சாட்சியமளிக்கவும் விண்ணப்பிக்கலாம். வழக்கு பலவீனமானது என்று அரச தரப்பு சொல்லும்போது, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் குறையா, காலதாமதமா, அல்லது சாட்சி வரமாட்டார் என்ற சந்தேகம் மட்டுமா என்று பிரித்துக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதற்கு மருந்து இருக்கிறது.

பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புக்காக 2015 இல் வந்த 4 ஆம் இலக்கச் சட்டமும், அதன் இடத்துக்கு வந்த 2023 இன் 10 ஆம் இலக்கச் சட்டமும், வழக்கின் போக்கை அறிந்துகொள்ளவும், சட்டத்தரணி ஒருவரை வைத்துக்கொள்ளவும், குற்றவாளியாகக் காணப்பட்ட பின் தண்டனை விதிக்கப்படுவதற்கு முன்னர் தமக்கு நேர்ந்த பாதிப்பை நீதிமன்றில் சொல்லவும் பாதிக்கப்பட்டவருக்கு இடமளிக்கின்றன. வழக்கு உங்கள் மகளுடையதல்ல, அரசினுடையது. ஆகவே அவள் சம்மதிக்கவில்லை என்பதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுவிடும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் அவளுடைய நிலைப்பாடு எழுத்தில் கோவையில் இருந்தால், அதைப் பாராதது போல் நடப்பது எவருக்கும் கடினம். பணவசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். சட்டமா அதிபருக்கு அனுப்பும் கடிதத்தில் வழக்கிலக்கத்தையும், அடுத்த தவணைத் திகதியையும், குறைந்த குற்றச்சாட்டுக்கு மகள் இணங்குகிறாளா இல்லையா என்பதையும், ஏன் என்பதையும் அவளுடைய சொற்களிலேயே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு பிரதியை அரச சட்டத்தரணியின் கையில் கொடுங்கள். தவணையன்று நீங்கள் மட்டும் போகாமல், அவள் விரும்பினால் அவளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். 19 வயதான அவளுக்காக முடிவெடுக்கும் உரிமை இனி உங்களுக்கும் இல்லை.